வலி தெரியாத பிள்ளை வேண்டுமா?

பாகிஸ்தானின் வடக்குப் பகுதியில் ஒரு சிறுவன் இருந்தான். தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், எரியும் தணலில் நடப்பான். அதில் கண்கட்டு எதுவும் இல்லை. வலி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. ஆய்வாளர்கள் அவனை நேரில் பரிசோதிப்பதற்கு முன்பே, 14 வயது நிறைவதற்குள், ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

அவனுடைய சொந்தக்காரர்களிலும் இதே தன்மை உள்ளவர்கள் இருந்தார்கள். அவர்களை ஆராய்ந்தபோது எஸ்.சி.என்.9ஏ என்ற ஒரே ஒரு மரபணு வேலை செய்யாமல் போயிருப்பது தெரிந்தது. 2006-ல் வெளியான அந்த ஆய்வைப் படித்தவர்களுக்கு மறக்க முடியாத விவரம் ஒன்று அதில் உண்டு. அந்தக் குழந்தைகளின் உதடும் நாக்கும் காயப்பட்டிருந்தன. பல் முளைத்த வயதில் தாங்களே கடித்துக்கொண்ட காயங்கள். வலித்தால்தானே நிறுத்துவார்கள்?

பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன வரம் வேண்டும் என்று யாராவது கேட்டால், "வலியே தெரியக் கூடாது" என்று சொல்லும் பெற்றோர் நிச்சயம் இருப்பார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக மரபியலாளர் ஜார்ஜ் சர்ச், மனிதர்களுக்குச் சாதகமாக இருக்கக்கூடிய அபூர்வ மரபணு மாற்றங்களை ஒரு பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறார். அதில் எஸ்.சி.என்.9ஏ உண்டு. எலும்பை இரும்பாக்கும் எல்.ஆர்.பி.5 உண்டு. இந்த இரண்டாவது மரபணுவில் மாற்றம் உள்ள ஒரு அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி 2002-ல் எழுதினார்கள். எலும்பு அவ்வளவு அடர்த்தி, முறிவதே இல்லை. ஆனால் தாடை அகன்றுவிடுகிறது, அண்ணத்தில் எலும்பு புடைத்து நிற்கிறது, அப்புறம் அவர்களில் சிலருக்குத் தண்ணீரில் மிதப்பதே கஷ்டம்.

ஒரு மரபணு ஒரே ஒரு வேலையைப் பார்ப்பது அபூர்வம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுவது நல்லதுதான். இரண்டாவது மாங்காய் நம் தலையில் விழாத வரை.

கருவிலேயே குழந்தையின் பண்புகளைத் தேர்ந்தெடுப்பது சரியா தவறா என்ற விவாதம் பெரும்பாலும் இந்த வரங்களைச் சுற்றியே நடக்கிறது. உயரம், நிறம், அறிவு, அழகு. ஒரு பக்கம் சொர்க்கம் தெரிகிறது என்பார்கள், மறுபக்கம் நரகம் என்பார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் யாருக்குத் தேவை? நோயைத் தடுக்கத்தான் என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

கத்தரிக்கோல் என்று சொல்வது பாதி உண்மை

மரபணுவைத் திருத்த இன்று பயன்படும் கருவியின் பெயர் கிரிஸ்பர். அடிப்படையில் அது பாக்டீரியாக்களின் ஆயுதம். தன்னைத் தாக்கிய வைரஸின் மரபு எழுத்துகளில் ஒரு துண்டை பாக்டீரியா எடுத்து வைத்துக்கொள்ளும். அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தத் துண்டை அடையாளமாக வைத்து எதிரியைத் தேடிப் பிடித்து வெட்டும். இந்த ஏற்பாட்டை நாம் விரும்பிய இடத்தில் டி.என்.ஏ-வை வெட்டும் கருவியாக்கலாம் என்று 2012-ல் ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் காட்டினார்கள். 2020-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் போனது.

கத்தரிக்கோல் என்ற உவமை எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் வெட்டுவது மட்டும்தான் கருவியின் வேலை. வெட்டியதை ஒட்டுவது செல். அது அவசர அவசரமாக ஒட்டும்போது ஒன்றிரண்டு எழுத்துகள் விழுந்துவிடும், சில சமயம் புதிதாக ஒன்று நுழைந்துவிடும். மரபணுவைச் செயலிழக்கச் செய்வதுதான் நோக்கம் என்றால் இந்தக் குளறுபடியே போதும். ஒரு எழுத்தைச் சரியாக மாற்ற வேண்டும் என்றால்தான் சிக்கல். வெட்டாமலே எழுத்தை மாற்றும் புதிய கருவிகள் பிறகு வந்தன. அவற்றால் நிலைமை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது.

இதையே கருவில் செய்யும்போது இன்னொரு தொல்லை. ஒரே செல்லாக இருக்கும் கருவுற்ற முட்டைக்குள் கருவியைச் செலுத்துகிறார்கள். கருவி வேலையை முடிப்பதற்குள் செல் இரண்டாகி, நான்காகிவிடுகிறது. அப்போது சில செல்களில் திருத்தம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பலவகைச் செல்கள் கலந்த கலவையாகக் குழந்தை வளரும். முன்கூட்டியே சோதிக்கலாமே என்றால், சோதனைக்கு எடுப்பது ஒருசில செல்களை மட்டும். மிச்சம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கருவையே அழிக்க வேண்டும்.

2015-ல் சீனாவின் குவாங்சோ நகரில் 86 கருக்களில் இதை முயன்றார்கள். பிறக்க வாய்ப்பே இல்லாத, குறைபாடுள்ள கருக்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் காரணமான மரபணுவைச் சரிசெய்வது நோக்கம். சோதித்த 54 கருக்களில் 28-ல் வெட்டு சரியான இடத்தில் விழுந்தது. அதிலும் விரும்பிய எழுத்து போய் உட்கார்ந்தது சிலவற்றில் மட்டும். அந்த ஆய்வை நடத்தியவர்களே இது மருத்துவத்துக்குத் தயாரில்லை என்று எழுதினார்கள். 2020-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வொன்று, வெட்டப்பட்ட குரோமோசோமையே கருக்கள் இழந்துவிடுவதைக் காட்டியது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் போய்ப் புத்தகத்தின் ஒரு பாகமே காணாமல் போன கதை.

ஷென்ஜென் இரட்டையர்

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒருவர் துணிந்தார். 2018 நவம்பரில், ஹாங்காங்கில் மரபணுத் திருத்தம் பற்றிய சர்வதேச மாநாடு தொடங்கப்போகும் நேரத்தில், சீனாவின் ஷென்ஜென் நகரில் பணியாற்றிய ஹ ஜியான்குயி என்ற விஞ்ஞானி, மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக யூடியூபில் அறிவித்தார். லூலு, நானா என்று புனைபெயரில் அறியப்பட்ட குழந்தைகள். அடுத்த ஆண்டு மூன்றாவதாக ஒரு குழந்தை பிறந்தது.

அவர் கைவைத்தது சி.சி.ஆர்.5 என்ற மரபணுவில். எச்.ஐ.வி கிருமி செல்லுக்குள் நுழையப் பெரும்பாலும் பயன்படுத்தும் கதவு இது. ஐரோப்பிய வம்சாவளியினர் சிலருக்கு இயற்கையிலேயே இந்த மரபணுவில் 32 எழுத்துகள் இருக்காது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அப்படிப்பட்ட பிரதியே கிடைத்தவர்களுக்கு எச்.ஐ.வி எளிதில் தொற்றாது. அதைத்தான் தானும் உருவாக்குவதாக அவர் சொன்னார்.

உருவானது அது இல்லை. அவரே காட்டிய தகவல்களின்படி, ஒரு குழந்தைக்கு ஒரு பிரதியில் நான்கு எழுத்துகள் போயின, இன்னொரு பிரதியில் ஒரு எழுத்து கூடியது. மற்றொரு குழந்தைக்கு ஒரு பிரதியில் 15 எழுத்துகள் போயின, இன்னொன்று மாறவே இல்லை. அதாவது அந்த இரண்டாவது குழந்தைக்கு எச்.ஐ.வி-யிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடையாது என்பது கருவை வைப்பதற்கு முன்பே தெரியும். தெரிந்தும் வைத்தார்கள். இயற்கையில் உள்ள அந்த 32 எழுத்து இழப்பு இரண்டு பேருக்குமே இல்லை. அவர்களுக்கு இருப்பவை இதுவரை யாரிடமும் சோதித்துப் பார்க்கப்படாத மாற்றங்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்லக்கூடத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் என்ன ஆனது என்பதே இன்னும் தெரியவில்லை.

இதில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தக் கருக்களுக்கு எந்த நோயும் இல்லை. தந்தைக்கு எச்.ஐ.வி இருந்தது, தாய்க்கு இல்லை. தந்தையின் விந்தணுக்களைத் தனியாகப் பிரித்துக் கழுவிப் பயன்படுத்தினால் குழந்தைக்குத் தொற்று வராமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த வழி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஹ ஜியான்குயியின் குழுவும் அதைத்தான் செய்தது. அப்படியென்றால் மரபணுத் திருத்தம் எதற்கு? பிறகு எப்போதாவது வரக்கூடிய ஒரு தொற்றுக்கு முன்கூட்டியே ஒரு கவசம். வெளிப்படையாகச் சொன்னால் அது சிகிச்சை இல்லை, மேம்பாடு. உலகின் முதல் மரபணு திருத்தப்பட்ட குழந்தைகளே நோய்த் தடுப்பு என்ற பெயரில் வந்த 'டிசைனர் பேபி'கள்தான், அதாவது விரும்பிய பண்போடு வடிவமைக்கப்பட்ட பிள்ளைகள்தான்.

அந்தக் கவசத்துக்கும் விலை உண்டு. சி.சி.ஆர்.5 இல்லாதவர்களுக்கு கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 2019-ல் பிரிட்டனின் பெரிய மரபணுத் தரவுத்தளத்தை ஆராய்ந்த ஒரு கட்டுரை, இந்த மரபணு இல்லாதவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்றது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. சில மாதங்களில், தரவில் பிழை இருந்ததென்று கட்டுரையை எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். லட்சக்கணக்கானவர்களின் தகவல் கையில் இருந்தும், அதிகம் ஆராயப்பட்ட மரபணுக்களில் ஒன்றைப் பற்றியே ஆயுளைக் கூட்டுமா குறைக்குமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போனது.

2019 டிசம்பர் 30 அன்று சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. 2022-ல் வெளியே வந்தார்.

தேவை எவ்வளவு?

சரி, அவர் செய்தது தவறு. நேர்மையாக, கவனமாக, உண்மையான நோய்க்காகச் செய்தால்?

பரம்பரை நோய்களில் பல, மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட கணக்குப்படியே இறங்குகின்றன. அரிவாள் செல் சோகை, தலசீமியா போன்றவற்றில் தாய் தந்தை இருவரும் நோய் இல்லாமல், பழுதான ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கில் மூன்று கருக்களுக்கு நோய் வராது. மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் மாதிரி ஒரு பிரதி பழுதானாலே வரும் நோய்களில், பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பழுது இருந்தால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆய்வகத்தில் சில கருக்களை உருவாக்கி, சோதித்து, நோய் இல்லாததைக் கருப்பையில் வைத்தால் முடிந்தது. இது 1990-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் தொடங்கிய முறை. முப்பது வருடங்களுக்கும் மேலாக நடக்கிறது. எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

கருக்களைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லாத தம்பதிகள் யார்? இருவருக்குமே அரிவாள் செல் நோய் முழுமையாக இருந்தால் அவர்களுடைய எல்லாக் கருக்களுக்கும் நோய் வரும். பெற்றோரில் ஒருவருக்கு ஹண்டிங்டன் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தாலும் அப்படித்தான். இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆசையும் நியாயமானது. ஆனால் எண்ணிக்கை மிகமிகக் குறைவு. தேர்ந்தெடுக்கப் போதுமான கருக்கள் கிடைக்காத தம்பதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். என்ன, திருத்தம் செய்தாலும் எந்தக் கருவில் சரியாக அமைந்தது என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். அதற்கும் நிறைய கரு வேண்டும். உரலுக்குத் தப்பி உலக்கையில் மாட்டிய நிலை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்தத் தேவை சுருங்கிக்கொண்டே வருகிறது. பிறந்தபின் உடலில் செய்யும் மரபணுத் திருத்தம், சந்ததிக்குப் போகாதது, வேகமாக வளர்கிறது. அரிவாள் செல் சோகைக்கான கிரிஸ்பர் சிகிச்சை கேஸ்கெவி 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அங்கீகரிக்கப்பட்டது. 2025-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், உடலில் அம்மோனியா சேர்ந்து உயிரைப் பறிக்கும் அபூர்வ நோயோடு பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, அவனுடைய தனிப்பட்ட எழுத்துப் பிழைக்கென்றே ஒரு மருந்தை ஆறே மாதத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையை நாம் நோயாளியாகப் பார்க்கலாம், மருந்து கேட்டதா என்று கவனிக்கலாம், பக்கவிளைவு வந்தால் நிறுத்தலாம். அவனோடு அந்தத் திருத்தம் முடிந்துவிடும்.

அதனால்தான் என் ஐயம் இது. நோயைத் தடுக்கத்தான் என்ற வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோனால், கருவைத் திருத்துவதற்கு மிஞ்சுவது விரல்விட்டு எண்ணத்தக்க தம்பதிகள். அவ்வளவு சிறிய தேவைக்கு யாரும் பெரிய பணம் போட மாட்டார்கள். ஆனால் பணம் வருகிறது. 2025-ல் கருத் திருத்தத்துக்கென்றே அமெரிக்காவில் புதிய நிறுவனங்கள் முளைத்தன. ஒன்றுக்கு மூன்று கோடி டாலர் முதலீடு என்று செய்தி வந்தது. நோய்த் தடுப்பு மட்டுமே நோக்கம் என்று அவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். இவ்வளவு சிறிய சந்தையில் அந்த முதலீடு எப்படித் திரும்பி வரும் என்பதைத்தான் என்னால் கூட்டிப் பார்க்க முடியவில்லை. ஆசைதான் பெரிய சந்தை.

இரண்டரை சென்டிமீட்டர் பிள்ளை

அந்த ஆசை நிறைவேறுமா? உயரத்தை எடுத்துக்கொள்வோம். அளப்பதற்கு எளிது, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். 2022-ல் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்து நடந்த ஆய்வில், உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு துளி. பிள்ளையை உயரமாக்க எந்த இடத்தை வெட்டுவீர்கள்? பன்னிரண்டாயிரத்தையுமா?

வெட்ட முடியாதவர்கள் தேர்வுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கருவுக்கும் ஆயிரக்கணக்கான துளிகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதை வைப்பது. இதைப் பணத்துக்கு விற்கும் நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பத்துக் கருக்களில் முதல் மதிப்பெண் வாங்கியதை எடுத்தால் எவ்வளவு கூடும் என்று 2019-ல் ஒரு குழு கணக்கிட்டது. உயரத்தில் சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர், நுண்ணறிவு மதிப்பீட்டில் இரண்டரைப் புள்ளி. கொஞ்சம் குதிகால் உயர்ந்த செருப்பில் கிடைத்துவிடும் உயரம். அதே ஆய்வில், நிறைய பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஆளாகிவிட்ட 28 குடும்பங்களையும் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் முதலாவதாக வந்த பிள்ளையே உண்மையிலும் எல்லோரையும்விட உயரமாக இருந்தது ஏழு குடும்பங்களில் மட்டும்.

படிப்பு இன்னும் வழுக்கலான விஷயம். 30 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் வந்த மதிப்பெண், எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதில் காணும் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை விளக்குகிறது. அதே மதிப்பெண்ணைக் கூடப்பிறந்தவர்களுக்குள் ஒப்பிட்டால் அதன் வலு பாதியாகக் குறைகிறது. ஒரு முக்கியக் காரணம், அது அளப்பதில் ஒரு பகுதி மூளையை இல்லை, வீட்டை. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்ட மரபணுக்கள்கூட, அவர்கள் நடத்தும் வீட்டின் வழியாகப் பிள்ளையின் படிப்பைத் தொடுகின்றன என்பது ஐஸ்லாந்து தரவில் தெரிந்தது. கருவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அந்த வீடு எல்லாக் கருக்களுக்கும் பொது. மேலும், இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தகவலில் பழக்கப்பட்டவை. மற்றவர்களுக்கு அவை இன்னும் அதிகமாகத் தவறும். இவற்றை விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும்.

இப்படியெல்லாம் அறிவியல் கைகொடுக்காது என்று தெரிந்ததும், அறக் கேள்வியும் தீர்ந்தது என்று சிலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நடக்காது என்பது வேறு, நடக்கக்கூடாது என்பது வேறு. ஒரு பொருள் பலிக்காவிட்டாலும் விற்கும். அதை நம்பி ஒரு பிள்ளை பெற்றெடுக்கப்பட்டு, 'உனக்காக இவ்வளவு செலவு செய்தோமே' என்ற கண்ணோடு பார்க்கப்படும்.

யாருடைய சம்மதம்

கருவிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது என்பது முதலில் சொல்லப்படும் மறுப்பு. இது தோன்றும் அளவுக்கு வலுவான வாதம் இல்லை. பிள்ளை என்ன மொழி பேசும், யாருக்குப் பிறக்கும், எந்தத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் என்று எதற்குமே நாம் சம்மதம் கேட்பதில்லை. பெற்றோர் முடிவெடுப்பது இயல்பு.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பத்துக் கருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பிறக்கும் பிள்ளை பின்னாளில் "என்னை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்க முடியாது. வேறொன்றைத் தேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளையே இருந்திருக்காது. திருத்தப்பட்ட பிள்ளை கேட்கலாம். அவன் எப்படியும் இருந்திருப்பான், வேறு மாதிரி இருந்திருப்பான். திருத்தியவர் கை அவன் மேல் பட்டிருக்கிறது. இதை வைத்தே சில தத்துவவாதிகள், திருத்தம்தான் ஒரு குறிப்பிட்ட மனிதனுக்கு நன்மை செய்வது, தேர்வு அப்படியில்லை என்று திருத்தத்துக்கு ஆதரவாகப் பேசுகிறார்கள். நியாயம்தான். ஆனால் நன்மைக்குக் கணக்கு வைத்தால் தீமைக்கும் அதே கணக்கு வரும். அந்தத் தீமை அவன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகலாம், அவர்களோடு பேசிப் பார்க்கும் வாய்ப்பு யாருக்குமே இல்லை.

பெற்றோர் தங்களால் முடிந்த அளவு சிறந்த பிள்ளையைத் தேர்ந்தெடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 2001-ல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜூலியன் சவுலெஸ்கு வாதிட்டார். சிறந்த என்ற சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. 2019-ல் ரஷ்ய விஞ்ஞானி டெனிஸ் ரெப்ரிகோவ், காது கேளாத தம்பதிகளுக்குக் கேட்கும் பிள்ளை பிறக்க ஜி.ஜே.பி.2 என்ற மரபணுவைத் திருத்தப்போவதாக அறிவித்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில், காது கேளாத இரண்டு பெண்கள் தங்களைப் போலவே காது கேளாத பிள்ளை வேண்டும் என்று, பரம்பரையாகக் காது கேளாத ஒருவரிடம் விந்தணு பெற்றுப் பிள்ளை பெற்றார்கள். சைகை மொழி அவர்களுக்கு ஒரு முழு உலகம், அதற்குள் பிள்ளை வர வேண்டும் என்றார்கள். 2008-ல் பிரிட்டன் சட்டம் எழுதி, குறைபாடுள்ள கருவை வேண்டுமென்றே விரும்பித் தேர்ந்தெடுப்பதைத் தடுத்தது. கேட்கும் பிள்ளை வேண்டும் என்றவர்களும் கேளாத பிள்ளை வேண்டும் என்றவர்களும் சொன்னது ஒன்றுதான்: "எங்கள் பிள்ளையின் நன்மைக்காக." இதில் யார் சரி என்று சட்டென்று சொல்லத் தோன்றுகிறவர்கள், அந்தச் சட்டென்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் நிதானிக்கலாம். எனக்கு நிதானித்த பிறகும் விடை வரவில்லை.

பண்புகளில் இரண்டு வகை உண்டு என்பதைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு பிறக்கும். ஒரு நோய்க்கு எதிர்ப்பு கிடைத்தால் அடுத்தவருக்கும் அது கிடைப்பதால் என் பயன் குறையாது, கூடும். உயரம் அப்படி இல்லை. நான் உயரம் என்பதற்கு அர்த்தமே பக்கத்தில் இருப்பவர் குட்டை என்பதுதான். எல்லோரும் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தால் கதவு நிலைகளை உயர்த்த வேண்டியதுதான் மிச்சம். விலைக்கு வாங்கும் வரங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. கேஸ்கெவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். அதுவே உயிர்காக்கும் மருந்து. வரத்துக்கு விலை வைத்தால் யார் வீட்டுப் பிள்ளைகள் உயர்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உத்தரவு போடாத அரசன்

இந்தப் பேச்சு வந்தாலே யூஜெனிக்ஸ் எனப்படும் இனமேம்பாட்டுக் கொள்கையும் கூடவே வரும். சொல்லை 1883-ல் உருவாக்கியவர் பிரான்சிஸ் கால்டன். 1907-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் போட்டது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த வகைச் சட்டம் செல்லும் என்றது. 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனி இதே மாதிரிச் சட்டம் இயற்றி ஏறக்குறைய நான்கு லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தது. இது வெறியர்களின் வேலை மட்டும் என்று நினைத்தால் தவறு. மக்கள்நல அரசு என்று பேர் வாங்கிய சுவீடனில் 1970-கள் வரை கருத்தடைச் சட்டம் இருந்தது.

இன்று நடப்பது வேறு, அரசு கட்டாயப்படுத்தவில்லை, பெற்றோர் விருப்பம்தானே என்பது வழக்கமான பதில். பாதி சரி. கட்டாயம் இல்லாமலே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பாடம் ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று காட்டும் ஸ்கேன் வந்தபோது எந்த அரசனும் பெண் கருவைக் கலைக்க உத்தரவு போடவில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவெடுத்தது. அப்படிப்பட்ட ஒதுக்கலோடு, அதைவிடப் பெரிதாக, பிறந்த பெண் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டதும் சேர்ந்து, ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பெண்கள் 'காணாமல்' போயிருக்கிறார்கள் என்று 1990-ல் அமர்த்திய சென் எழுதினார். அந்த வீடுகளில் பல, நல்ல பெற்றோரின் வீடுகள். தோல் நிறத்தில் பங்குள்ள மரபணுக்கள் சில ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டுவிட்டன. உயரத்தைப் போல அது பன்னிரண்டாயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கவும் இல்லை. எது எளிதாகக் கிடைக்கிறதோ அதுதான் முதலில் விற்கும்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன? 1997-ன் ஓவியேடோ உடன்படிக்கை, அதை ஏற்ற ஐரோப்பிய நாடுகளில் சந்ததிக்குப் போகும் மரபணுத் திருத்தத்தைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2015 முதல், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படியொரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே முடியாதபடி நிதி மசோதாவில் ஒரு வரி சேர்க்கப்பட்டுவருகிறது. ஷென்ஜென் சம்பவத்துக்குப் பிறகு சீனா 2021-ல் இதைக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது. 2023-ல் லண்டனில் கூடிய மாநாடு, இப்போதைக்கு இதை ஏற்க முடியாது என்று முடித்தது. 2025-ல் செல், மரபணுச் சிகிச்சைத் துறையின் அமைப்புகளே பத்தாண்டு நிறுத்தம் கேட்டன. மரபணுச் சிகிச்சையை நன்றாக அறிந்தவர்களே நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டம் எல்லையோடு நின்றுவிடும், கருவை உறையவைத்து எல்லை தாண்டுவது கஷ்டமான காரியம் இல்லை.

ஷென்ஜென் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் பின்னாளில் வெளியே வந்தது. 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்' என்று அதில் எழுதியிருந்தது. கருவி தவறான இடத்தில் வெட்டிவிட்டால் குழு பொறுப்பாகாது என்றது. கரு பதிந்த பிறகு யாராவது விலகிக்கொண்டால் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும், பத்து நாளுக்குள் தராவிட்டால் மேலும் ஒரு லட்சம் யுவான் அபராதம். எட்டுத் தம்பதிகள் சேர்ந்தார்கள். ஒரு தம்பதி இடையில் விலகியது.

குழந்தைகளை 18 வயது வரை தொடர்ந்து பரிசோதிப்பது திட்டம். அதற்கு மேலும் தொடர வேண்டுமானால் அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டும். இரட்டையருக்கு 2036-ல் 18 வயது முடியும். தங்கள் உடலில் நடந்தது பற்றிக் கையெழுத்துப் போடவோ மறுக்கவோ அவர்களுக்குக் கிடைக்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.